கேபினட்டில் படியும் தூசும் நாம் சுவாசிக்கும் காற்றும்

புதிய கம்ப்யூட்டரை வாங்கி மேஜை மேல் வைத்தவுடன் நாம் எல்லாரும் அதன் முன்பக்கத்தைத்தான் கவனிக்கிறோம். மானிட்டரைத் துடைக்கிறோம். கீபோர்டுக்கு உறை போடுகிறோம். மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு நாள் கேபினட்டைத் திருப்பி, அதன் காற்றுத் துளைகளைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், பழைய கம்பளித் துணியைப் போல ஒன்று அந்தத் துளைகளில் ஒட்டிக் கொண்டிருக்கும்.

இது எங்கிருந்து வந்தது? கம்ப்யூட்டர் உருவாக்கியது அல்ல. உங்கள் அறையிலிருந்து வந்ததுதான். போர்வை, துணிகளின் நூல், தலைமுடி, நம் தோலிலிருந்து உதிரும் செதில்கள், தெருவிலிருந்து வரும் புழுதி, சமையலறையிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் கலந்த கலவை இது. கேபினட்டில் உள்ள ஃபேன்கள் நாள் முழுவதும் அறைக் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகின்றன. வழியில் சிக்கியதெல்லாம் அங்கேயே தங்கி விடுகிறது. ஒரு வகையில் உங்கள் கேபினட், நீங்கள் கேட்காமலேயே வேலை பார்க்கும் ஒரு மட்டமான ஏர் ஃபில்டர்.

மட்டமான என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற இந்தத் தூசு கம்ப்யூட்டருக்குத்தான் பெரிய எதிரி. நம் நுரையீரலின் ஆழம் வரை போகும் தூசு கண்ணுக்கே தெரியாது. அது கேபினட்டின் வலையில் நிற்காமல் போய் விடும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் தவறான ஃபில்டரை வாங்குகிறார்கள், அல்லது தேவையே இல்லாத இடத்தில் பணத்தைச் செலவழிக்கிறார்கள். எனவே முதலில் அளவு பற்றிப் பார்த்து விடலாம்.

மைக்ரான் கணக்கு

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பாகமாகப் பிரித்தால் அதில் ஒரு பாகம் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் இருக்கும். 10 மைக்ரானும் அதற்குக் குறைவான அளவும் கொண்ட துகள்களை பி.எம். 10 என்றும், 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவற்றை பி.எம். 2.5 என்றும் சொல்கிறார்கள். பெரிய துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் மாட்டிக் கொள்ளும். தும்மினால், இருமினால் வெளியே வந்து விடும். பி.எம். 2.5 அப்படி அல்ல. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். புகை என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் பி.எம். 2.5 இருக்கலாம் என்பதற்கு எல்லைகள் உண்டு. 2009ல் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட அளவுகோலின்படி 24 மணி நேரச் சராசரி 60ஐத் தாண்டக் கூடாது. ஆண்டுச் சராசரி 40ஐத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட பரிந்துரை இன்னும் கடுமையானது: 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டுக்கு 5. இந்த எண்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் கேபினட்டைச் சுத்தம் செய்வோம்

துளைகள் அடைபட்டால் என்ன ஆகும்? ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கிடையே காற்று போக முடியாமல் பிராசசர் சூடாகும். சூடு ஓர் எல்லையைத் தாண்டியதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். கம்ப்யூட்டர் மந்தமாகி விட்டது, வைரஸ் வந்து விட்டது என்று நினைத்து ஆன்ட்டி வைரஸ் மேல் ஆன்ட்டி வைரஸ் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபேன் சத்தம் வழக்கத்தை விட அதிகமாகக் கேட்டால் முதலில் தூசைச் சந்தேகப்படுங்கள்.

சுத்தம் செய்யும் முறை இதுதான். விண்டோஸை முறையாக ஷட் டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றி விடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் தீர்ந்து விடும். கேபினட்டைப் பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துச் செல்லுங்கள். இது முக்கியம். அறைக்குள்ளேயே ப்ளோயரை வைத்து ஊதினால் மூன்று மாதத் தூசு முழுவதும் ஒரே நிமிடத்தில் அறைக் காற்றில் கலந்து விடும். கம்ப்யூட்டர் சுத்தமாகும், நீங்கள் அழுக்காகி விடுவீர்கள். வெளியே செய்தாலும் மூக்கையும் வாயையும் நன்றாக மூடும் என்95 மாஸ்க் அணிந்து செய்யுங்கள். கைக்குட்டை போதாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்து விடலாம்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும், மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசைத் தளர்த்தி விட்டு ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஒவ்வொரு ஃபேனின் இறக்கையையும் ஒரு விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டு விடும். வீட்டு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் குழாயை மதர்போர்டுக்கு அருகே கொண்டு போகாதீர்கள். அதில் ஸ்டேடிக் மின்சாரம் சேரும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். கேபிளைக் கழற்றிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் இருக்கலாம். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

முன்பக்கத்தில் வலை ஃபில்டர் இருக்கும் கேபினட் என்றால் அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டக் கூடாது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் வாரன்டி இருக்கும்போது திறக்க முயல வேண்டாம். காற்று வெளியே வரும் துளையில் சிறிது சிறிதாக ஊதி விட்டாலே பெரும்பாலான தூசு வந்து விடும். மற்றொன்று, அழகான எம்பிராய்டரி உறை போட்டு வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டர் ஓடும்போது அந்த உறையைக் கழற்றி விடுங்கள். மேஜை சுவரோடு ஒட்டியிருந்தால் கேபினட்டின் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள்.

அறையில் உள்ள மற்ற துளைகள்

அமெரிக்க வீடுகளில் ஒவ்வொரு அறைக்கும் குழாய் வழியாகக் குளிர்காற்று வரும். அந்தக் குழாயில் ஒரு தடிமனான ஃபில்டரைச் செருகினால் வீடு முழுவதற்கும் வேலை நடக்கும். அங்கே எழுதப்படும் ஆலோசனைகள் அந்த அமைப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் வீடுகளில் அப்படிக் குழாய் கிடையாது. ஜன்னல், கதவுக்கு மேலே உள்ள வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன், ஸ்பிலிட் ஏசி இவைதான் நம் வீட்டின் மூக்கும் வாயும்.

ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வீடுகளில் உள்ள வழக்கமான ஸ்பிலிட் ஏசி அப்படிச் செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் மீண்டும் மீண்டும் இழுத்துக் குளிர வைக்கிறது. அதன் முன் மூடியைத் தூக்கினால் கிடைக்கும் நைலான் வலை, கேபினட் வலையின் அண்ணன். நூலையும் முடியையும் பிடிக்கும், புகையைப் பிடிக்காது. அதன் வேலை உள்ளே உள்ள காயிலைக் காப்பாற்றுவதுதான். ஏசி ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். அந்த வலையின் மேல் ஒட்டுவதற்கென்று ஃபில்டர் ஷீட்டுகள் விற்கிறார்கள். தடிமனான ஷீட்டை ஒட்டினால் காற்றோட்டம் குறைந்து காயிலில் ஐஸ் கட்டும், கரன்ட் பில்தான் ஏறும். ஏசியைப் போட்டதும் ஈரத் துணி நாற்றம் வந்தால் வலை மட்டும் அல்ல, காயிலிலும் ப்ளோயர் உருளையிலும் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தண்ணீர் சர்வீஸ் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் விட அதிகமாக மறக்கப்படுவது கொசு வலை. ஜன்னலில் அடித்திருக்கும் கொசு வலையை ஒரு முறை விரலால் தேய்த்துப் பாருங்கள். ரோட்டோர வீடு என்றால் விரல் கறுத்து விடும். துளைகள் பாதி அடைந்து போன வலை காற்றையும் பாதியாக்கி விடும். வெல்க்ரோ வலை என்றால் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள். அடித்து விட்ட வலை என்றால் ஈரத் துணியால் உட்பக்கத்திலிருந்து துடையுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையில் பிசுக்கு ஏறியிருந்தால் அது சுற்றும், காற்றைத் தள்ளாது. ஒரு சின்ன டிஷ்யூ பேப்பரை அதன் அருகில் பிடித்துப் பாருங்கள். பேப்பர் ஃபேனை நோக்கி இழுக்கப்படாவிட்டால் சுத்தம் செய்யும் நேரம் வந்து விட்டது. சீலிங் ஃபேனுக்கு ஓர் எளிய வழி: பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி அப்படியே உருவி எடுத்தால் தூசு உறைக்குள்ளேயே விழும், தலையில் விழாது.

குற்றவாளி யார்?

எங்கள் அக்கா வீடு சென்னையில் ஒரு அபார்ட்மென்ட்டின் முதல் மாடியில் இருக்கிறது. அவர்களுடைய மகனுக்கு எட்டு வயது. வீசிங் உண்டு. இன்ஹேலர் எடுத்துக் கொள்கிறான். சென்ற ஆண்டு வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, இடம் இல்லாததால் அவன் படுக்கும் அறையிலேயே வைத்தார்கள். அந்தச் சமயத்தில் அவனுக்கு இரவில் இருமல் அதிகமாகி, ஒரு மாதத்தில் இரண்டு முறை நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. "கம்ப்யூட்டர் சூட்டுக் காத்துதான்டா பிள்ளைக்கு ஆகலை, எடுத்துட்டுப் போயிடு" என்றாள் அக்கா. அத்தானோ பெரிய விலையில் ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கி விடலாம் என்று கடையில் விலை விசாரித்து விட்டார். எனக்கு இரண்டு முடிவும் அவசரமாகப் பட்டது. சாப்ட்வேரில் ஒரு தவறு வந்தால் முதலில் லாக் ஃபைலைப் பார்ப்போம், பிறகுதான் கை வைப்போம். காற்றுக்கும் லாக் ஃபைல் எடுக்க முடியும்.

பிளான்டவர் நிறுவனத்தின் பிஎம்எஸ்5003 என்ற சின்ன சென்சார் ஆன்லைனில் கிடைக்கிறது. அதற்குள் ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கும்; ஒரு லேசர் ஒளி அதன் குறுக்கே பாயும்; துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எண்ணிக்கையைக் கணக்கிடும். 5 வோல்ட் மின்சாரம் போதும். யுஎஸ்பியை சீரியலாக மாற்றும் ஒரு சின்ன போர்டு மூலம் கம்ப்யூட்டரோடு இணைத்தால், 9600 பாட் வேகத்தில் அளவுகளை அனுப்பிக் கொண்டே இருக்கும். பைத்தானில் இருபது வரி எழுதினால் நேரத்தோடு சேர்த்து ஒரு ஃபைலில் சேமித்து, எக்ஸெலில் வரைபடம் போட்டு விடலாம். வயரிங் எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு இதே வகை சென்சார் உள்ள ரெடிமேட் மீட்டர்கள் இருக்கின்றன.

இந்த மீட்டர்கள் காட்டும் எண்ணை ஆய்வகத் துல்லியமாக எடுத்துக் கொள்ளக் கூடாது. லேசருக்குத் தூசும் நீர்த்துளியும் ஒன்றுதான். இட்லிப் பாத்திரத்தைத் திறந்தால்கூட எண் எகிறும்! எந்த நேரத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அக்கா வீட்டில் மூன்று நாள் சென்சாரை ஓட விட்டேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தபோதும் ஆஃப் செய்தபோதும் கோடு அசையவில்லை. மாலை வரை 30க்கும் 40க்கும் இடையில் இருந்தது. ஏழு மணிக்கு மேல் செங்குத்தாக ஏறி, அரை மணி நேரத்தில் 500ஐத் தாண்டியது. மூன்று நாளும் அதே நேரம், அதே மலை. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? கொசு வருகிறது என்று ஜன்னலைச் சாத்தி விட்டு, பையன் படிக்கும் மேஜைக்கு அடியில் கொசுவர்த்திச் சுருளை ஏற்றி வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அவன் மாலை முழுவதும் ஹாலில் இல்லாமல் இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அக்காவின் கணிப்பு முழுவதும் தவறும் இல்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் இருமல் கூடியது. ஆனால் கம்ப்யூட்டரால் அல்ல.

2003ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளியாகும் பி.எம். 2.5 அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கண்டறிந்தார்கள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை வைத்துச் செய்த சோதனை அது. வரைபடத்தை அக்காவிடம் காட்டி இதைச் சொன்னபோது, எழுந்து போய்ச் சுருள் பாக்கெட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பையன், "மாமா, அப்ப கம்ப்யூட்டர் இங்கயே இருக்கும்ல?" என்று கேட்டான். அவன் கவலை அவனுக்கு.

ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எதுவானாலும் கணக்கு இதேதான். எரிகிற எதுவும் பி.எம். 2.5 தரும். மூலிகை என்று பாக்கெட்டில் எழுதியிருந்தாலும் புகை புகைதான். பூஜையறையில் ஏற்றும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, வீசிங் உள்ள குழந்தை அந்தக் கொஞ்ச நேரம் வேறு அறையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து சந்தேகப்பட வேண்டிய ஒரே கருவி லேசர் பிரின்டர். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் அலுவலகங்களில் இருந்த 62 பிரின்டர்களைச் சோதித்து 2007ல் வெளியிட்ட ஆய்வில், 17 பிரின்டர்கள் மிக நுண்ணிய துகள்களை அதிகமாக வெளியிட்டன. எல்லா மாடலும் அப்படி இல்லை. இருந்தாலும் நிறைய பக்கங்கள் அச்சிடும் வீட்டில் அதைப் படுக்கையறையில் வைக்காமல் ஹாலில் வைப்பது நல்லது.

எந்த ஃபில்டர்?

மூலத்தை நிறுத்திய பிறகும் ரோட்டுப் புகையும் பக்கத்துக் கட்டடத்தின் சிமென்ட் தூசும் இருக்கும். அங்கேதான் ஃபில்டர் தேவைப்படுகிறது.

கடைகளில் அதிகம் கேட்கும் பெயர் ஹெப்பா. இந்த வகை ஃபில்டர் 1940களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க உருவானது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். அப்படியானால் 0.1 மைக்ரான் துகள் தப்பி விடுமா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஒரு வேடிக்கை. ஃபில்டர் என்பது சல்லடை அல்ல. குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நுண்ணிய இழைகளின் காடு. பெரிய துகள் காற்றோடு வளைந்து போக முடியாமல் நேராகப் போய் இழையில் மோதும். மிகச் சிறிய துகளோ காற்று மூலக்கூறுகளால் இடிபட்டுக் குடிகாரனைப் போலத் தள்ளாடி எங்காவது ஓர் இழையில் ஒட்டிக் கொள்ளும். இரண்டிலும் சேராத 0.3 மைக்ரான் பக்கத்துத் துகள்தான் தப்புவதில் கெட்டிக்காரன். அவனையே பிடித்தால் மற்றவர்கள் எளிது என்பதால்தான் அந்த அளவை வைத்துச் சோதிக்கிறார்கள்.

'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். ஐரோப்பிய அளவுகோலில் ஹெச்13 என்ற குறியீடு இருந்தால் நல்லது. மெர்வ் என்பது அமெரிக்க அளவுகோல். மெர்வ் 8 பெரிய தூசுக்கு. மெர்வ் 13, 0.3 முதல் 1 மைக்ரான் வரை உள்ள துகள்களில் குறைந்தது பாதியையும், 1 முதல் 3 மைக்ரான் வரை உள்ளவற்றில் குறைந்தது 85 சதவீதத்தையும் ஒரே சுற்றில் பிடிக்கும். பாதிதானா என்று ஏளனமாக நினைக்க வேண்டாம். அறைக் காற்று திரும்பத் திரும்ப அதன் வழியாகப் போகும் அல்லவா?

அதனால்தான் ஃபில்டரின் தரத்தை விட, நிமிடத்துக்கு எவ்வளவு சுத்தக் காற்று தருகிறது என்பது முக்கியம். இதை சிஏடிஆர் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். பெட்டியின் மேல் 'பெரிய ஹாலுக்கு ஏற்றது' என்று எழுதியிருப்பதை விட்டு விட்டு இந்த எண்ணைத் தேடுங்கள். கணக்கு எளிது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்து அடி என்றால் 1,200 கன அடி. மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டும் என்றால் 6,000 கன அடி. நிமிடத்துக்கு 100 கன அடி. கனமீட்டரில் சொன்னால் மணிக்கு 170. அதற்குக் குறையாத சிஏடிஆர் உள்ள கருவி போதும். மேலும், அந்த எண் முழு வேகத்தில் அளந்தது. இரவில் சத்தத்துக்குப் பயந்து குறைந்த வேகத்தில் வைப்பீர்கள் என்பதால் சற்று அதிகமாகவே பார்த்து வாங்குங்கள். வாங்கும் முன் மாற்று ஃபில்டரின் விலையையும், அது எளிதில் கிடைக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். இங்க்ஜெட் பிரின்டரை மலிவாக வாங்கி கார்ட்ரிட்ஜுக்கு அழுதவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அயனைசர், பிளாஸ்மா என்று வரும் கூடுதல் வசதிகளைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. சில கருவிகள் ஓசோனை வெளியிடும். வீசிங் உள்ளவர்களின் மூச்சுக்குழாயை ஓசோன் எரிச்சலூட்டும். வாங்கி விட்டீர்கள் என்றால் அந்த பட்டனை மட்டும் அணைத்து வையுங்கள். கார்பன் அடுக்கு நாற்றத்துக்கும் சில வாயுக்களுக்கும் உதவும், தூசுக்கு அல்ல.

இதே கருவியை நாமே செய்ய முடியாதா? முடியும். 2020ல் அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் கோர்சியும், ஃபில்டர் தயாரிப்பாளர் ஜிம் ரோசென்தாலும் சேர்ந்து சொன்ன யோசனை உலகம் முழுவதும் பரவியது. நான்கு மெர்வ் 13 ஃபில்டர்களைப் பெட்டியாக ஒட்டி, மேலே ஒரு ஃபேனை வைப்பதுதான். கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் அந்த ஃபேனுக்குப் பதிலாக 120 மில்லிமீட்டர் கேபினட் ஃபேன்களைப் பொருத்திப் பார்த்தார்கள். சத்தம் குறைந்தது, மின்சாரமும் குறைந்தது. முயல விரும்புபவர்கள் ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவை அப்படியே நம்ப வேண்டாம். அது முன்னால் தடை எதுவும் இல்லாதபோது அளந்தது. ஒரு ஃபேனை நம்பாமல் நான்கைந்து ஃபேன்களாகப் போட வேண்டும். ஃபில்டரின் பரப்பு எவ்வளவு அதிகமோ, ஃபேனுக்கு அவ்வளவு சுலபம். மின்சாரத்துக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வையுங்கள். நீங்கள் வேலை செய்யும் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இழுக்காதீர்கள்.

ஃபில்டர் செய்யாத வேலைகள்

மெத்தையில் வாழும் தூசுப் பூச்சிகளின் கழிவு வீசிங்குக்கு ஒரு முக்கியக் காரணம். அது கனமான துகள். காற்றில் அதிக நேரம் மிதக்காமல் கீழே விழுந்து விடும். பியூரிஃபையர் அதைப் பிடிக்கக் காத்திருக்கும்போது அது தலையணையில் படுத்திருக்கும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 55 டிகிரிக்கு மேல் சூடான நீரில் துவைத்து நன்றாகக் காய வைப்பதே வழி. வாஷிங் மெஷினில் 60 டிகிரி என்ற தேர்வு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தரையைப் பெருக்குவதை விட ஈரத் துணியால் துடைப்பது மேல்.

நாம் வெளிவிடும் கரியமில வாயுவையும் எந்தத் தூசு ஃபில்டரும் பிடிக்காது. ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தி, இரண்டு பேர் இரவு முழுவதும் தூங்கினால் காலையில் தலை கனக்கும். ஜன்னலைத் திறக்கத்தான் வேண்டும். எப்போது திறப்பது என்பதை உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலும் அவர்களுடைய சமீர் ஆப்பிலும் ஊர் வாரியாக அளவுகள் கிடைக்கின்றன. சென்னையில் ஆலந்தூர், மணலி, வேளச்சேரி போன்ற இடங்களில் நிலையங்கள் உண்டு. நிலையம் உங்கள் தெருவில் இல்லாவிட்டாலும் நாளின் போக்கு தெரியும். வெளியே 30க்குக் கீழே இருந்தால் தாராளமாகத் திறந்து விடுங்கள். போகி, தீபாவளி இரவுகளில் சாத்தி வைத்து பியூரிஃபையரை முழு வேகத்தில் ஓட விடுங்கள்.

அக்கா வீட்டில் இப்போது ஜன்னலுக்குப் புது வெல்க்ரோ வலையும், கட்டிலுக்குக் கொசு வலையும் வந்திருக்கின்றன. பியூரிஃபையரும் வாங்கினார்கள், அத்தான் முதலில் பார்த்து வைத்த மாடலில் பாதி விலைக்கு, 170க்கு மேல் சிஏடிஆர் உள்ளது. மாலை மலை மறைந்து, கோடு பெரும்பாலும் 20ஐ ஒட்டிப் போகிறது. பையனின் இன்ஹேலரை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருக்கிறாள், அதுதான் சரி. இரவு இருமல் குறைந்திருப்பதாகச் சொன்னாள். மழைக்காலம் தாண்டிய பிறகுதான் நான் அதைக் கணக்கில் எடுப்பேன்.

ஒரு வேலை மீதமிருக்கிறது. ஃபில்டரை மாற்றும்போது பழையதை உதறாதீர்கள். கருவியை அணைத்து, ஃபில்டரைக் கழற்றியவுடன் நேராக ஒரு பாலிதீன் பைக்குள் இறக்கி வாயைக் கட்டி விடுங்கள். ஹெப்பா ஃபில்டரைக் கழுவக் கூடாது. இழைகள் கெட்டு விடும். கழுவலாம் என்பது வெளியே உள்ள வலைக்கு மட்டும்தான். புது ஃபில்டரின் ஓரத்தில் தேதியை எழுதி, கம்ப்யூட்டர் காலண்டரிலும் ஒரு ரிமைண்டர் போட்டு வையுங்கள். அதே நாளில் கேபினட் வலை, ஏசி வலை, கொசு வலை மூன்றையும் கழற்றினால் ஒரே பக்கெட் தண்ணீரில் வேலை முடிந்து விடும்.